உப்பு ஏரிக்குப் போன அப்பா வண்டி

1. சண்டையோடு வந்தது

வண்டி வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது. எஞ்சின் சத்தம் இல்லை, அண்ணன் தங்கை சத்தம். காக்கி புக்கிட்டில் மூன்றாம் மாடியில் என் பட்டறை. சரக்கு லிஃப்ட் கதவு திறக்கும்போதே ஒரு பெண் குரல் கேட்டது.

"நீ ஒரு தடவையாவது இத கிக் பண்ணி ஸ்டார்ட் பண்ணியிருக்கியா? சொல்லு லா!"

"கிக் பண்ணினா என் முட்டி போயிடும். எனக்கென்ன தலையெழுத்தா?" என்றது ஓர் ஆண் குரல்.

சாங்கி விமான நிலையத்தில் எஞ்சின் பராமரிப்பில் ஆயுசின் பெரும் பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற முதல் வாரமே வீட்டு வாஷிங் மெஷினைக் கழற்றிப்போட, "வெளியே போய் எதையாவது கழட்டுங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். அப்படி வந்ததுதான் இந்தப் பட்டறை. பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் மட்டும் பார்ப்பேன். ஸ்கூட்டர் கொண்டு வந்தால் திட்டி அனுப்புவேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இந்த ஒரு வேலையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

லிஃப்டிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் மீனா. சாங்கி சரக்கு முனையத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவள். ஐம்பதை நெருங்கும் வயது, செங்காங்கில் வீடு. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரே பஸ்ஸில் போய் வந்த பழக்கம். பின்னால் வெறும் கையோடு வந்தவர் அவள் அண்ணன் சேகர். இன்சூரன்ஸ் ஆபீஸ் உத்தியோகம், இஸ்திரி கலையாத சட்டை. வண்டி, ஐம்பதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒற்றை சிலிண்டர், ஐந்நூறு சி.சி. அவர்கள் அப்பாவுடையது. அப்பா காலமானதும், வழக்கப்படி, மகன் பேருக்கு மாறிவிட்டது. அப்பாவோடு உட்கார்ந்து வால்வ் தேய்த்தது, செயின் கழுவியது, பின் சீட்டில் ஏறிச் சுற்றியது எல்லாம் மகள்.

"அண்ணே, இத விக்கப்போறான். ஜொகூர்ல ஒருத்தன் ரெடியா நிக்கிறான்," என்றாள் மீனா.

"விக்காம? பழைய வண்டி ஸ்கீம்ல வருஷத்துல கொஞ்ச நாளுதான் ரோட்டுல எடுக்கலாம். மத்த நாளெல்லாம் போர்வைய போத்திக்கிட்டு தூங்குது. டேக்ஸ், பார்க்கிங், இன்சூரன்ஸ், எல்லாம் நான்தானே பாக்குறேன்?"

"அப்பா இது மணிக்கு நூறு மைல் போகும்னு சொல்வாரு. அப்படிப்பட்ட வண்டிய..."

"அதெல்லாம் அப்பா விட்ட கதை. யார் பாத்தா?"

இங்கேதான் பந்தயம். ஆஸ்திரேலியாவில் ஓர் உப்பு ஏரி இருக்கிறது. தண்ணீர் வற்றிய காலத்தில் அங்கே வேகப் போட்டி நடத்துவார்கள். நேர்க்கோட்டில் ஓட வேண்டும். ஒரு மைல் தூரத்தை அளந்து, சராசரி வேகத்தைச் சீட்டில் அச்சடித்துத் தருவார்கள். மீனா அங்கே ஓட்டி நூறு மைல் சீட்டைக் காட்டினால் வண்டி அவளுக்கு. காட்டாவிட்டால் ஜொகூருக்கு. வாயால் பேசி, அம்மாவின் படத்துக்கு முன்னால் கையடித்துவிட்டு வந்திருந்தார்கள்.

நான் உள்ளதைச் சொன்னேன். "உங்க அப்பா பொய் சொல்லல. அந்தக் காலத்து ஸ்பீடோமீட்டர் சொல்லிச்சு. அந்த முள்ளு காத்தடிச்சாலே ஆடும். இந்த எஞ்சின் இருக்கிற நிலைக்கு எண்பத்தஞ்சு போனா பெருசு."

மீனா கொஞ்சமும் அசரவில்லை. "சரி, அப்ப அப்பா சொன்னத நீங்க உண்மையாக்குங்க," என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. வேலையை எடுத்துக்கொண்டேன்.

2. ஓடிப் பார்க்க ரோடு இல்லாத ஊர்

ஒற்றை சிலிண்டரில் வேகம் கூட்டுவது ஒன்றும் மந்திரம் இல்லை. நிறைய காற்றும் பெட்ரோலும் உள்ளே போக வேண்டும், நன்றாக நசுங்க வேண்டும், சரியான நேரத்தில் தீப்பொறி விழ வேண்டும், புகை தடையில்லாமல் வெளியேற வேண்டும். மேல்மாடியில் லேத் வைத்திருக்கும் லிம் புதிய பிஸ்டனின் தலையை எனக்கு வேண்டிய அளவில் கடைந்து கொடுத்தார். "நூறு போகுமா?" என்று நான் கேட்டதற்கு, "பிஸ்டன் கேன் லா. நீ கேனா, தெரியாது," என்றார். பிஸ்டனால் முடியும், உன்னால் முடியுமா என்றுதான் தெரியவில்லை என்று அர்த்தம். காம் மாற்றினேன். வால்வ் ஸ்பிரிங் மாற்றினேன். ஹெட்டில் காற்று வரும் வழியைச் சீர் செய்தேன். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவை முழுசாகப் பிரித்துக் கட்டினேன். பின் ஸ்பிராக்கெட்டைச் சின்னதாக்கினேன். ஹெட்லைட், மட்கார்ட், ஹார்ன் எல்லாவற்றையும் கழற்றினோம். டாங்க் மட்டும் அப்பாவுடையதே இருக்கட்டும் என்று மீனா பிடிவாதமாகச் சொன்னாள்.

வேலை முடிந்து சாங்கியிலிருந்து நேரே வருவாள். வால்வைத் தேய்க்க உட்கார்ந்தால் வாயும் கையும் சேர்ந்தே ஓடும். அவள் தேய்த்த வால்வ் சீட்டில் பெட்ரோல் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு கசியவில்லை. "ஏதோ பரவாயில்ல" என்று மட்டும் சொன்னேன். அதிகம் புகழ்ந்தால் நாளைக்கு எனக்கே வேலை சொல்லித் தருவாள்.

என் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றினால் இக்னிஷனைத் தொடாதே. இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டு, "அண்ணே, இப்ப வேற மாதிரி ஓடுது" என்று வந்து நிற்பவனைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எது வேறு மாதிரி ஓட வைத்தது என்று உனக்கே தெரியாதபோது நான் என்ன ஜோசியமா பார்ப்பது?

கஷ்டம் என்னவென்றால், நம் ஊரில் இதை ஓட்டிப் பார்க்க முடியாது. டாப் கியரில் முழு த்ராட்டில் திறந்தால், எஞ்சின் சூடாவதற்குள் சிக்னல் வரும், இல்லாவிட்டால் கடல் வரும். அதனால் ஊபியில் ஒரு கடையில் டைனோ மெஷினில் ஏற்றினோம். பின் சக்கரம் உருளையின் மேல் சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், எஞ்சின் பலத்தைத் திரையில் பார்க்கலாம். அங்கே வழக்கப்படி டாங்கைக் கழற்றி வைத்துவிட்டு, மேலே ஒரு பாட்டில் தொங்கவிட்டு அதிலிருந்து பெட்ரோல் கொடுத்தோம். இந்தப் பாட்டிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று எஞ்சின் பாடியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அழகான தே தாரிக் நிறம், நுரைக்க ஆற்றிய பால் டீ மாதிரி. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் பற்றவில்லை, கறுப்பாக இருந்தால் அதிகம். தே தாரிக் நிறம் என்றால் எல்லாம் அளவு. காற்று ஒத்துழைத்தால் நூறு தொடலாம் என்று கணக்கு சொன்னது. மீனா என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள்.

3. பொட்டு வைக்க இடம்

வண்டியைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பும் நாள் வந்தது. சேகர் காலையிலேயே வந்து நின்றார்.

"பூஜை போடாம வண்டிய அனுப்பக் கூடாது."

"தோத்தா உனக்குத்தானே லாபம்? நீ எதுக்கு பூஜை போடுற?" என்று மீனா சீண்டினாள்.

"பந்தயம் வேற, நீ விழுந்து கிழுந்து வைக்கிறது வேற. வாய மூடிக்கிட்டு வா."

லாரியில் ஏற்றி சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குக் கொண்டு போனோம். வண்டியில் நம்பர் பிளேட் இல்லை, கீழே இறக்கி உருட்டினாலே வம்பு. அதனால் லாரி மேலேயே பூஜை. குருக்கள் ஏறி வந்து கற்பூரம் காட்டினார், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சந்தனக் கிண்ணத்தைச் சேகர் கையில் கொடுத்து, பொட்டு வைக்கச் சொன்னார்.

சேகர் கிண்ணத்தோடு முழித்தார். வண்டிக்குப் பொட்டு வைப்பது ஹெட்லைட்டின் நெற்றியில். இந்த வண்டியில் ஹெட்லைட்டே இல்லை. முன்னால் வெறும் ஃபோர்க் கம்பிதான். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே உயரமாக, வட்டமாக, நெற்றி மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தார். டாங்க் மூடி. குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. எல்லோரும் கும்பிட்டோம், நானும் கும்பிட்டேன்.

4. உப்பு

உப்பு ஏரியைப் பற்றி நீளமாக எழுத மாட்டேன். வெள்ளை. எங்கே பார்த்தாலும் வெள்ளை. காலையில் பல் கிட்டிக்கும் குளிர், மத்தியானம் மண்டையைப் பிளக்கும் வெயில். தேக்கா மார்க்கெட்டில் வியர்த்துக்கொண்டே வளர்ந்த உடம்பு இது. ஜாக்கெட்டுக்கு மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தேன். எங்களுக்குக் கூடாரம் ஒன்று, சார்டின் டின், ரொட்டி, மூவருக்கும் மூன்று வேலை. ஓட்டுவது மீனா. எஞ்சின் நான். பெட்ரோல் ஊற்றுவது, கூட்டிப் பெருக்குவது சேகர். அவரும் இஸ்திரி சட்டையில்தான் வந்திருந்தார்.

வண்டியைப் பரிசோதித்த வெள்ளைக்கார அம்மா மூடியைக் காட்டி, "இந்த மஞ்சள் என்ன?" என்று கேட்டார். சேகர், "ஆசீர்வாதம் மேடம்" என்று சொல்லிவிட்டு, அவசரமாகக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துத் துடைத்தார். வண்டி தேறியது.

முதல் ஓட்டம். டாங்கில் பாதி பெட்ரோல். மீனா டாங்க் மேல் படுத்துக்கொண்டு கிளம்பினாள். சத்தம் தூரத்தில் கும்மென்று ஏறியது, எனக்குப் புல்லரித்தது. அளக்கும் மைலுக்குள் நுழைந்து பாதி போனதும் சத்தம் விக்கியது. பிறகு செத்தது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வந்து உதைத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது! பிளக்கைப் பார்த்தேன், வெள்ளை. பெட்ரோல் பற்றவில்லை. குளிர்ந்த, வறண்ட காற்று நம் ஊர்க் காற்றைவிடக் கனமானது, அதற்குப் பெட்ரோல் கூட வேண்டும். இதை எதிர்பார்த்துத்தான் ஜெட்டெல்லாம் கொண்டு போயிருந்தேன். பெரிய ஜெட்டைப் போட்டேன். அது மட்டும்தான் மாற்றினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் இரண்டாவது ஓட்டம். இந்தத் தடவை மைல் ஆரம்பக் கொடிக்கு முன்பே செத்தது.

அலாமாக்! பெரிய ஜெட் போட்டால் தள்ளிப் போய்ச் சாக வேண்டும், இது முன்னாலேயே சாகிறது. பிளக் மறுபடி வெள்ளை. என் இத்தனை வருஷ அனுபவமும் அந்த உப்பில் கரைந்துபோன மாதிரி இருந்தது. மீனா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உப்புத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. "இருக்கிறது நாளைக்கு ஒரே ஒரு ரன் அண்ணே," என்றாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

5. உஸ்

அன்று சாயங்காலம் நானும் மீனாவும் மேக்னெட்டோவைப் பிரித்துக்கொண்டிருந்தோம். கோளாறு அதில் இருப்பதாக எனக்கும் நம்பிக்கையில்லை. வேறு எதைப் பிரிப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். கழற்றி வைத்த டாங்கிலிருந்து பெட்ரோலை வடிக்க, சேகர் அதைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் போனார். அங்கே நடந்ததை அவரே பிற்பாடு சொன்னார்.

மூடியைத் திருகியிருக்கிறார். 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்ததாம் டாங்க். மூடியைத் திருப்பிப் பார்த்தால், நடுவில் இருக்கும் குண்டூசி ஓட்டையில் மஞ்சளாக ஏதோ கெட்டியாக அடைத்திருக்கிறது. அவருக்கு எஞ்சின் தெரியாது. ஆனால் சந்தனம் தெரியும். அதே நேரம் சட்டைப் பையில் போன் அடித்தது. ஜொகூர்க்காரன். "பாஸ், எப்ப வந்து எடுக்கலாம்?"

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பந்தயம் அவருக்கு. யாருக்கும் தெரிந்திருக்காது. கொஞ்ச நேரம் நின்றேன் என்றார். எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் முன்னால் வந்து மூடியை நீட்டினார். முகம் செத்துக் கிடந்தது. "மணியண்ணே, இந்த ஓட்டை எதுக்கு?"

பார்த்தேன். அவ்வளவுதான், மண்டையில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தது. "நேத்து ராத்திரி டாங்க்ல எவ்ளோ ஊத்தினீங்க?" என்று கத்தினேன்.

"முழுசா ஊத்தினேன் அண்ணே. பத்தாம போயிடக் கூடாதேன்னு..."

டாங்கிலிருந்து பெட்ரோல் இறங்கினால், அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்குத்தான் அந்த ஓட்டை. ஓட்டை அடைத்துப்போனால் டாங்க் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், பெட்ரோலைக் கீழே விடாது. பாதி டாங்க் என்றால் உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும், சிறிது தூரம் சமாளிக்கும். விளிம்பு வரை நிரப்பினால் அதுவும் இல்லை, சீக்கிரமே திணறும். பெரிய ஜெட் இன்னும் வேகமாக உறிஞ்சியிருக்கும். டைனோவில் தொங்கியதோ பாட்டில். இந்த டாங்க் முழு வேகத்தில் ஓடியதே இந்த உப்பில்தான். ஒரே மாற்றம் என்று நான் நினைத்த இடத்தில், எனக்குத் தெரியாமல் இரண்டாவது ஒன்று நடந்திருக்கிறது.

"நான்தான் கெடுத்துட்டேன் மீனா," என்றார் சேகர். "சத்தியமா வேணும்னு பண்ணல."

மீனா அவரையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உப்பில் உருளாத குறையாகச் சிரித்தாள். "பொட்டு வைக்க உனக்கு வேற இடமே கிடைக்கலியா டா அண்ணா!" சேகர் ஊசியை வாங்கிக் குந்தி உட்கார்ந்து, அவர் கையாலேயே சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். நான் வாயால் ஊதிப் பார்த்தேன், காற்று போயிற்று.

6. அரை மைல்

இனி எந்த ஜெட் போடுவது? இரண்டு பிளக்கும் சொன்னது பொய். அவை காட்டியது டாங்கின் திணறலை, ஜெட்டின் அளவை அல்ல. ஊரில் போட்ட ஜெட் இந்தக் குளிருக்குச் சின்னதாக இருந்தால் பிஸ்டன் உருகி ஓட்டை விழலாம், எஞ்சின் இறுகி பின் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். பெரிய ஜெட் என்றால் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் உடையாது. அந்த வேகத்தில் அந்த எஞ்சினுக்கு மேல் ஒருத்தி படுத்திருப்பாள். பந்தயத்தை ஒரு பக்கம், அவளை ஒரு பக்கம் வைத்து யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை.

"பெருசையே விடுறேன். கொஞ்சம் சோம்பேறியா ஓடும். பரவாயில்லையா?"

"நீங்க சொன்னா சரி அண்ணே."

கடைசி நாள் காலை. காற்று எழுவதற்குள் எங்கள் முறை வந்தது. மீனா கிளம்பினாள். சத்தம் ஏறியது. நேற்று செத்த இடம் தாண்டியது. முந்தாநாள் செத்த இடமும் தாண்டியது. சேகர் என் தோளைப் பிடித்திருந்த பிடியில் சதை கன்றிப்போயிற்று. "போ மீனா, போ, போ!" என்று அவர் கத்தினார். வண்டி அடங்காமல், விக்காமல், மறு கொடி வரை ஒரே சுருதியில் போயிற்று.

சீட்டைக் கொடுத்தார்கள். மணிக்குத் தொண்ணூற்று ஒன்பதரை மைல்.

பிளக்கைக் கழற்றினேன், கருகருவென்று இருந்தது. பெட்ரோல் அதிகம். அந்த அரை மைல் அந்தக் கறுப்பில்தான் இருந்தது, கண்ணால் பார்த்தேன். இன்னும் ஒரு ஓட்டம் கிடைத்தால் எடுத்துவிடலாம். ஆனால் காற்று எழுந்துவிட்டது, கொடிகளைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"வண்டி உனக்குத்தான்," என்றார் சேகர். "பொட்டு மட்டும் வைக்கலேன்னா நீ நூறு தொட்டிருப்ப. அந்த அரை மைல் என் தப்பு."

"வேணாம். பந்தயம்னா பந்தயம். 'இல்லேன்னா'வுக்கெல்லாம் சீட்டு தர்றாங்களா?"

"எடுத்துக்கோ லா!"

"வேணாம்னா வேணாம் லா!"

முதல் நாள் லிஃப்டில் கேட்ட அதே சத்தம். நான் போர்வையை உதறிக்கொண்டு, "ரெண்டு பேரும் வாய மூடுறீங்களா? எனக்கு காது வலிக்குது!" என்று அதட்டிய பிறகுதான் அடங்கினார்கள். சேகர் தள்ளிப் போய் போனை எடுத்தார். ஜொகூர்க்காரனிடம், "சாரி பாஸ், வண்டி விக்கிறதுக்கு இல்ல," என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. திரும்பி வந்து தங்கையின் கையில் சாவியை வைத்தார். "வண்டி என் பேர்லயே இருக்கட்டும். சாவி உங்கிட்ட இருக்கட்டும். நூறு தொடுற அன்னிக்கு பேர மாத்திக்கலாம். இது சரியா?"

மீனா சாவியை வாங்கிக்கொண்டாள். அதற்கும் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன், அண்ணனின் இஸ்திரி சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இளம் மெக்கானிக்குகளே, இதில் உங்களுக்குள்ள பாடம் சின்னது. முழு வேகத்தில் சாகும் வண்டி எதுவானாலும், மேக்னெட்டோவைப் பிரிப்பதற்கு முன்னால் டாங்க் மூடியை ஊதிப் பாருங்கள். எதை மாற்றினோம் என்று எண்ணும்போது, பக்கத்தில் இருப்பவர் என்ன மாற்றினார் என்றும் கேளுங்கள். பூஜையை நிறுத்த வேண்டாம், ஓட்டையைத் தவிர்த்தால் போதும்.

வண்டி இப்போது என் பட்டறையில்தான் நிற்கிறது. அடுத்த போட்டிக்கு அந்த அரை மைலைக் கண்டுபிடிப்பது என் வேலை, சந்தோஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஹெட்லைட் இருக்க வேண்டிய இடத்தில் மீனா ஒரு சின்ன அலுமினியத் தகட்டை வளைத்து மாட்டியிருக்கிறாள். பொட்டு வைக்க. "எடை கூடும்மா" என்றேன். "அத மட்டும் கழட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

போன சனிக்கிழமை சேகர் தனியாக வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், ஏறி உட்கார்ந்தார், பிறகு கிக்கரை வெளியே இழுத்தார். முதல் உதைக்குக் கிக்கர் திருப்பி அடித்தது, அடுத்ததற்கு எஞ்சின் தும்மியது. வியர்வையில் இஸ்திரி சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. விடாமல் உதைத்தார். பட்டறை அதிர எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"முட்டி?" என்று சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டேன்.

"இருக்கட்டும் லா!" என்றார்.